ரயில் டிக்கெட்டுக்குப் பின்னால் ஒரு சென்னைக்காரர்: யார் இந்த ஆர்.நரசிம்மன்?

ஆவடி பக்கத்தில், கோவில்பதாகையில் உட்கார்ந்து பொங்கலுக்கு நெல்லை டிக்கெட் போடுகிறீர்கள். அதே நொடியில் ஆயிரக்கணக்கானோர் அதே ரயிலில் இடம் தேடுகிறார்கள். ஒரே பெர்த் ரெண்டு பேருக்குப் போயிடக் கூடாது. இப்படிக் குவியும் வேலையைப் பிழையில்லாமல் முடிக்கத்தான் மெயின்ஃப்ரேம் போன்ற பெரிய கணினிகள். இந்தியாவில் அவற்றைக் கட்டவும் பராமரிக்கவும் ஆள் உருவாக்கியவர்களில் முக்கியமானவர், நரசிம்மன்.

முதல் கணினி

1926-ல் சென்னையில் பிறந்தவர் ரங்கசாமி நரசிம்மன். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்துவிட்டு அமெரிக்கா போனார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். 1954-ல் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் தலைமையில் ஒரு சிறு குழு கணினி கட்ட இறங்கியது. முன் அனுபவம் யாருக்கும் இல்லை. 1956-ல் மாதிரி இயந்திரம் தயார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களோடு 1960-ல் முழு இயந்திரம் ஓடியது. 1962-ல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

ஆனால் அது ஓடத் தொடங்கிய நேரத்தில் வெளிநாட்டில் டிரான்சிஸ்டர் கணினிகள் வந்துவிட்டன. சில ஆண்டுகளிலேயே டிஃப்ராக் ஓய்வு பெற்றது. அப்போ அத்தனை உழைப்பும் வீணா? இல்லை. இயந்திரம் பழசானது, அதைக் கட்டக் கற்றுக்கொண்ட ஆட்கள் மிஞ்சினார்கள்.

ஐபிஎம் போன பிறகு

அந்த அனுபவம் நாட்டுக்குத் தேவைப்பட்ட நாள் வந்தது. கம்ப்யூட்டர் பராமரிப்புக்காக 1975-ல் மத்திய அரசு தொடங்கிய சிஎம்சி நிறுவனத்தின் முதல் தலைவர் நரசிம்மன். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சிஎம்சி கைக்கு வந்தது. நரசிம்மனுக்கு 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1980-களில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணினிமயமாக்கியதும் இதே சிஎம்சிதான். பிறகு சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் அந்த வசதி வந்தது. நரசிம்மன் 2007-ல் காலமானார்.

இன்னும் என்ன தேவை?

நிமிடத்துக்கு சுமார் 32,000 டிக்கெட் என்ற முன்பதிவுத் திறனை 1.5 லட்சமாக உயர்த்துவதாக 2025-ல் ரயில்வே அறிவித்தது. வேகம் மட்டும் போதாது. பெரிய கணினிகளில் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரல்கள் வங்கி, காப்பீடு என இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றை எழுதியவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை ஆவணமாக்க வேண்டும், இளையவர்களுக்குப் பழைய நிரல் மொழிகளைக் கற்றுத்தர வேண்டும், சேவை நிற்காமல் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும்.

புது இயந்திரத்தைக் காசு கொடுத்தால் வாங்கிடலாம். பழையது நடுராத்திரி நின்றுபோனால் சரிசெய்யத் தெரிந்த ஆளை அப்படி வாங்க முடியாது. டிஃப்ராக் காலத்தில் நரசிம்மன் செய்தது, அப்படிப்பட்ட ஆட்களை இங்கேயே உருவாக்கியதுதான்.