சுஜாதா (எழுத்தாளர்)

சுஜாதா (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) தமிழ் எழுத்தாளரும் பொறியாளரும் ஆவார். இயற்பெயர் ரங்கராஜன். இதே பெயரில் வேறொருவரும் எழுதிவந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். திருவரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார்.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். நிரலாக்கத்தில் அணி என்பது ஒரே பெயரின் கீழ் எண்ணிடப்பட்ட இடங்களின் வரிசை. இவ்வியந்திரத்தைப் புரிந்துகொள்ள அதுவே எளிய வழி. தொடக்ககால இயந்திரத்தில் ஒரு வாக்களிப்புப் பெட்டிக்கு 16 வேட்பாளர்கள், நான்கை இணைத்தால் 64. அழுத்தப்படும் பொத்தானின் எண் சற்றே பிசகினாலும் வாக்கு வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். 1982-இல் கேரளத்தின் பறவூரில் இத்தகைய இயந்திரங்கள் முதன்முதலாகப் பயன்பட்டன. ஆனால் சட்டத்தில் இதற்கு இடமில்லை எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 1984-இல் 50 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது.