பேனா பிடித்த தளபதி

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடக்குப் படைக்கு வெற்றி தேடித் தந்தவர், தளபதி கிராண்ட். பிறகு 8 ஆண்டுகள் ஜனாதிபதியாகவும் இருந்தார்.

முதுமையில் அவருக்குப் பெரிய அடி விழுந்தது. இரண்டாவது மகன் நியூயார்க்கில் வார்டு என்பவனோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி நடத்தினார். அதில் தந்தையும் பணம் போட்டார். வார்டு மோசடி செய்தான். 1884 மே மாதம் கம்பெனி திவால்! அந்தக் காலத்தில் மாஜி ஜனாதிபதிக்குப் பென்ஷன் கிடையாது.

அந்தக் கோடையிலே ஒருநாள் பீச் பழத்தைக் கடித்தார். தொண்டையில் சுரீர் என்று வலித்தது. புற்றுநோய்!

யுத்தத்தில் அவர் ஒரு கோட்டையைப் பிடித்தபோது, ஜனங்கள் மகிழ்ந்துபோய்ப் பெட்டி பெட்டியாகச் சுருட்டு அனுப்பினார்கள். அது முதல் சுருட்டும் கையுமாகவே இருந்தார். அந்த அன்பளிப்பே எமனாயிற்றோ, என்னவோ!

மனைவி ஜூலியாவுக்கு எதை வைத்துவிட்டுப் போவது? இதுதான் அவருடைய கவலை. தம் வாழ்க்கையையும் யுத்த அனுபவத்தையும் புத்தகமாக எழுதலானார். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதை வெளியிட முன்வந்தார். மூத்த மகன் பிரெட் கூடவே இருந்து, தேதிகளைச் சரிபார்த்துக் கொடுத்தார். இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் நெல்லி, கப்பல் ஏறி ஓடி வந்தாள்.

தண்ணீர் விழுங்குவதே வேதனை. இரண்டு நாற்காலிகளை எதிர் எதிராகப் போட்டு, சாய்ந்தபடியே தூங்கினார். குரலும் போயிற்று. வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். புத்தகத்தை மட்டும் விடவில்லை.

1885 ஜூலையில் எழுதி முடித்தார். சில நாட்களிலே, 23-ந் தேதி காலை, உயிர் பிரிந்தது. வயது 63. நான்கு பிள்ளைகளும் சூழ்ந்து நின்றார்கள். கம்பெனி நடத்திய மகனும் அங்கேதான் இருந்தார்.

புத்தகம் 2 பாகங்களாக வெளிவந்தது. ஜூலியாவுக்குக் கிடைத்த தொகை, சுமார் 4½ லட்சம் டாலர்.