பனிக்கடியிற் கிடந்த போத்தல்கள்

குளிர்நாட்டார் மலையும் கடலும் காணப் புறப்படுங்கால் தம் மூட்டையுள் ஒரு போத்தல் விசுக்கியும் வைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். பகலெல்லாம் நடந்து களைத்து, மாலையிற் கூடாரம் அடித்து, நண்பரோடிருந்து இரண்டு மிடறு பருகுதல் அவர்க்கு ஓர் இன்பம். மதுவைப் பற்றிப் பள்ளியாசிரியன் எழுதலாமோ எனச் சிலர் வினவக்கூடும். ஏர்னெஸ்ட் சாக்கிள்டன் என்பாரின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு வினவார்.

சாக்கிள்டன் 1874 இல் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்திற் பிறந்தவர், தந்தையார் மருத்துவர். பதினாறு வயதிலே கடலோடியானார். 1901 இற் கப்டன் ஸ்கொட்டுடன் அந்தாட்டிக்காவுக்குச் சென்று, நோயுற்றமையால் இடைநடுவே திருப்பி அனுப்பப்பட்டார். அந்தத் தாழ்வு அவர் நெஞ்சில் முள்ளாய் உறுத்திற்று. எனவே 1907 இல் நிம்ரொட் என்னும் கப்பலில் தாமே தலைவராய்ப் புறப்பட்டார். தென்முனையைத் தொடுவதே நோக்கம். ஏற்றிய சரக்கினுள் மக்கின்லே என்னும் ஸ்கொத்லாந்து விசுக்கி 25 பெட்டி இருந்தது.

றொயிட்ஸ் முனையில் மரக்குடிசை ஒன்றமைத்து, 1908 இன் மாரியைப் பதினைந்து பேர் அதனுட் கழித்தனர். ஞாயிறு தோன்றாத திங்கள்கள் அவை. அத்தகைய இருளிற் சிறு கிண்ணத்து மது, தாகந் தீர்ப்பதற்கன்று. மனிதர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பதற்கு.

அவ்வாண்டு ஐப்பசி 29 ஆம் நாள் சாக்கிள்டனும், வைல்ட், மார்சல், அடம்ஸ் என்னும் மூவரும் நான்கு மட்டக்குதிரைகளோடு தெற்கு நோக்கினர். இழுக்கும் பொருளின் எடையே உயிரின் எடையாகும் பயணம் அது. விசுக்கி குடிசையிலே தங்கிற்று. மருந்துக்கென ஒரு சிறிது பிறண்டி உடன் சென்றது. குதிரைகள் ஒவ்வொன்றாய் மாண்டன. கடைசிக் குதிரை பனிப்பிளவினுள் வீழ்ந்து மறைந்தது. நத்தார் நாளன்று, உயர்ந்த பனிமேட்டில், அரைவயிற்றோடிருந்த நால்வரும் சிறு புடிங் ஒன்றில் அந்தப் பிறண்டியிற் சில துளி வார்த்து உண்டனர். பின் ஆளுக்கொரு சுருட்டும், ஒரு கரண்டி இன்மதுவும். மாளிகை விருந்துகள் பல இதற்கு ஈடாகா என்பது என் துணிபு.

1909 தை 9 ஆம் நாள் 88 பாகை 23 கலை அகலக்கோட்டை அடைந்தனர். முனைக்கு எஞ்சியது 97 கடல் மைலே. சென்றிருப்பின் தொட்டிருக்கவுங் கூடும். ஆனால் உணவு போதாது, உயிரோடு மீளார். சாக்கிள்டன் கொடியை நாட்டித் திரும்பினார். பலர் அவருடைய பிற்காலச் சாகசங்களையே வியப்பர். யானோ இந்நாளையே முதன்மையாகக் கொள்வேன்; கைக்கெட்டிய புகழைத் தோழர் உயிரின்பொருட்டு விடுதல் எளிதன்று. மீளும் வழியில், வயிற்றுளைவால் வாடிய வைல்டுக்குத் தம் பங்கு விசுக்கோத்தை வற்புறுத்தி ஊட்டினார். அவரும் அன்று பசியோடிருந்தவரே.

நால்வரும் உயிருடன் நாடு சேர்ந்தனர். எஞ்சிய பொருள்களோடு விசுக்கிப் பெட்டிகள் குடிசையடியிற் கிடந்து பனியுள் உறைந்தன. என்டூரன்ஸ் என்னும் கப்பல் 1915 இல் மூழ்கியதும், யானைத்தீவில் விட்டுவந்த 22 பேரையும் 1916 இல் ஒருவர் குறையாது மீட்டதும் பலரறிந்த கதை. 1922 தை 5 ஆம் நாள், மீண்டும் தெற்கே செல்லும் வழியில், தென் ஜோர்ஜியாத் தீவில் நெஞ்சடைத்து இறந்தார். வயது நாற்பத்தேழு.

நிற்க. 2010 இல் நியூசிலாந்தின் மரபுரிமைக் காப்பாளர் அக்குடிசையடியில் விசுக்கிப் பெட்டி மூன்றும் பிறண்டிப் பெட்டி இரண்டும் அகழ்ந்தெடுத்தனர். விசுக்கிப் பெட்டி ஒன்றைக் கிறைஸ்ற்சேர்ச் நகர் நூதனசாலையில் மெல்ல மெல்ல உருகவைத்துத் திறந்தபோது, போத்தல்கள் வைக்கோலுறையோடு இருந்தன, மது கெடவில்லை. 2011 இல் மூன்று போத்தல்கள், அந்நாளில் அம்மது நிறுவனத்தின் உடைமையாளராயிருந்த இந்தியச் செல்வர் ஒருவரின் வானூர்தியில் ஸ்கொத்லாந்துக்குச் சென்றன. கலவை வல்லுநர் ஊசியால் சில துளிகள் எடுத்து ஆராய்ந்து, அதன் போலி ஒன்றை வடித்து விற்பனைக்கு விட்டனர். மூலப் போத்தல் மூன்றும் 2013 இல் அந்தாட்டிக்காவுக்கு மீண்டன, பழைய குடிசையடியில் வைக்கப்படுதற்கு.