கிருஷ்ண பிள்ளையின் யாத்திரை

பீருமேடு, தேவிகுளம் மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டுக் குடியிருப்புகளிலும் வாழும் நம்மவருள் நெல்லைச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. அச்சீமை ஈன்ற புலவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1827-ல் கரையிருப்பு என்னும் சிற்றூரில், வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார், தேர்ந்தெடுத்தவர் கால்டுவெல். பள்ளியின் சமயத்தில் அவருக்கு அன்று பற்றில்லை. ஆயினும், தமக்கு முன்னரே கிறிஸ்துவைத் தழுவிய நண்பர்களின் உரையாடல் அவர் நெஞ்சைக் கலக்கிற்று. 1858-ல் சென்னை சென்று ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவர் குடும்பத் தலைவர். சுற்றத்தாரை வருத்தும் அம்முடிவை எளிதில் எடுத்திருப்பார் என நாம் எண்ணவில்லை.

சமயம் மாறினாரேயன்றிக் கம்பரை அவர் துறந்தாரில்லை. இதுவே நம்மைப் பெரிதும் கவர்வது. பழைய கல்வி முழுவதையும் புதிய பக்திக்கே காணிக்கையாக்கினார். ஆங்கிலேயர் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, கம்பர் நடையில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அது நற்போதகம் என்னும் இதழில் ஆண்டுக்கணக்கில் பகுதி பகுதியாக வெளிவந்தது. இடையே சில காலம் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். அவ்வகையில் மலையாள நாட்டுக்கும் அவர் உறவினரே!

ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அக்காப்பியம் 1894-ல் நூலாயிற்று. ஞானஸ்நானம் பெற்று 36 ஆண்டுகள் கடந்திருந்தன. கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றும் அப்பெரியார் 1900-ல் காலமானார்.