வளைய மறுத்த நாணல்

ரெண்டு ஷாட் பார்த்தாலே இது யாரோட படம்னு சொல்லிடுற ஆளா நீங்க? அப்படின்னா இந்தக் கட்டுரையோட நாயகன் உங்களை நல்லாவே குழப்புவார். அவர் எடுத்த படங்களை வரிசையா அடுக்கி வச்சா, எல்லாம் ஒரே ஆள் எடுத்ததுன்னு நம்புறது கஷ்டம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி ஒண்ணு, போர்க்கால உளவுக் கதை ஒண்ணு, சர்க்கஸ் கதை ஒண்ணு, பாட்டும் ஆட்டமுமா ஒரு அநாதைச் சிறுவனோட கதை ஒண்ணு. இதுக்கு நடுவுல, 1949-ல் வெளிவந்த ஒரு குற்றப் படம்: 'தி தேர்ட் மேன்'. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 1999-ல் நடத்திய வாக்கெடுப்பில், இருபதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் படங்களில் முதலிடம் பிடிச்சது இதுதான்.

எடுத்தவர் கரோல் ரீட். ஆனா படம் பார்த்தவங்கள்லயே நிறைய பேர் இதை ஆர்சன் வெல்ஸ் படம்னு நினைச்சிட்டு இருக்காங்க. அதனாலதான் இந்தக் கட்டுரை.

ஒரு எச்சரிக்கை. கதையோட முக்கியமான திருப்பமும் முடிவும் கீழே வரும். ஸ்பாய்லர் பிடிக்காதவங்க முதல்ல படத்தைப் பார்த்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் ஓடிப் போகாது.

ரீட் பிறந்தது 1906 டிசம்பர் 30, லண்டன் நகரத்தின் புட்னி பகுதியில். அப்பா சர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ. அந்தக் காலத்து லண்டன் நாடக உலகத்தோட பெரிய தலை. சொந்தமா நாடக அரங்கம் நடத்தினவர், 1904-ல் நடிப்புப் பள்ளி ஒண்ணு ஆரம்பிச்சவர். இன்னைக்கு உலகப் புகழோட இருக்கிற 'ராடா' அதுதான். ஆனா அவருக்கு சட்டப்படி மனைவியும் மகள்களும் வேற ஒரு வீட்டுல இருந்தாங்க. கரோலோட அம்மா மே பின்னி அவரைக் கல்யாணம் பண்ணிக்கல. ரெண்டு பேருக்கும் ஆறு குழந்தைகள். அம்மா தன் பேரை மே ரீட் என்று மாத்திக்கிட்டாங்க, பிள்ளைகளுக்கும் அதே பேர்.

ட்ரீ என்றால் மரம், ரீட் என்றால் நாணல். சின்ன வகுப்புல படிச்ச கதை ஞாபகம் இருக்கா? வெள்ளம் வந்தப்ப விறைப்பா நின்ன மரம் வேரோட சாய்ஞ்சது, வளைஞ்சு கொடுத்த நாணல் பிழைச்சது. ரீடோட வாழ்க்கையில முக்கால்வாசி அந்த நாணல் கதைதான். ஒரே ஒரு இடத்தைத் தவிர. அங்கே பிறகு வருவோம்.

1917-ல் அப்பா இறந்தப்ப கரோலுக்குப் பத்து வயசு. கேன்டர்பரியில இருந்த கிங்ஸ் ஸ்கூல்ல படிச்சார், படிப்பு பெருசா ஒட்டல. நடிகனாகணும்னு ஆசை. அம்மாவுக்கு அதுல துளிகூட விருப்பம் இல்ல. என்ன பண்ணாங்க தெரியுமா? கோழிப் பண்ணைத் தொழில் கத்துக்கிட்டு வான்னு பையனை அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாங்க. சில மாசம் கோழிகளோட போராடிட்டு, இது நமக்கு ஆகாதுன்னு லண்டனுக்கே திரும்பிட்டார். 1924-ல் மேடை ஏறினார்.

அங்கே இருந்து அவரைக் குற்றக் கதைகள் பக்கம் இழுத்தவர் எட்கர் வாலஸ். அந்தக் காலத்துல வாலஸ் எழுதிய மர்ம நாவல்களும் நாடகங்களும் சுடச்சுட விற்றுக்கிட்டிருந்தது. ரீட் அவரோட நாடகக் குழுவில நடிச்சார், மேடை நிர்வாகமும் பார்த்தார். பிறகு வாலஸ் கதைகள் சினிமாவானப்ப அந்த வேலையிலயும் கூட இருந்தார். எங்கே மறைக்கணும், எங்கே காட்டணும், பார்க்கிறவனை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம்? இந்தப் பாடமெல்லாம் அங்கே கிடைச்சதுதான். 1932-ல் வாலஸ் இறந்ததும், பேசில் டீன் நடத்திய படக் கம்பெனியில சேர்ந்து, படிப்படியா இயக்குநர் ஆனார். தனியா இயக்கிய முதல் படம் 'மிட்ஷிப்மேன் ஈஸி'. அதைப் பாராட்டி எழுதிய விமர்சகர் பேர் கிரகாம் கிரீன். இந்தப் பேரை மனசுல வச்சுக்கோங்க.

அடுத்த பத்து வருஷத்துல ரீட் கொடுத்த வேலையை எல்லாம் செஞ்சார். 'தி ஸ்டார்ஸ் லுக் டவுன்', 'நைட் ட்ரெய்ன் டு மியூனிக்' என்று வரிசையா படங்கள். உலகப் போர் நடந்தப்ப ராணுவத்துக்காகவும் படம் எடுத்தார். அதுல ஒண்ணான 'தி ட்ரூ குளோரி'க்கு ஆவணப்பட ஆஸ்கர் கிடைச்சது.

போர் முடிஞ்சதும் வந்தது அவரோட உச்சம். 1947-ல் 'ஆட் மேன் அவுட்', 1948-ல் 'தி ஃபாலன் ஐடல்', 1949-ல் 'தி தேர்ட் மேன்'. சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது இந்த மூணுக்கும் அடுத்தடுத்து கிடைச்சது. ஹாட்ரிக்.

பின்னால ரெண்டு படத்துக்கும் எழுத்து, அதே கிரகாம் கிரீன். தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா. போருக்குப் பிறகு வியன்னா நகரத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நாலு பேரும் பங்கு போட்டு ஆண்டாங்க. நடு ஊரை மட்டும் நாலு பேரும் சேர்ந்து பார்த்துக்கிட்டாங்க. இந்த விசித்திரத்தை வச்சு ஒரு படம் வேணும்னு கோர்டா ஆசைப்பட்டார். கிரீன் கையில இருந்தது ஒரு உறையோட மடிப்புல கிறுக்கி வச்ச ஒரு யோசனை மட்டும்: நண்பனை அடக்கம் பண்ணி ஒரு வாரம்தான் ஆகுது, ஆனா அவன் லண்டன் தெருக் கூட்டத்துல நடந்து போறான். 1948 பிப்ரவரியில வியன்னா போன கிரீனுக்கு ரெண்டு விஷயம் கிடைச்சது. ஒண்ணு, ஊருக்கு அடியில ஓடுற பிரம்மாண்டமான பாதாளச் சாக்கடை. இன்னொண்ணு, கள்ளச் சந்தையில நடந்த பென்சிலின் வியாபாரம்.

அப்படித்தான் ஹாரி லைம் பிறந்தான். பென்சிலினைத் திருடி, கலப்படம் பண்ணி விக்கிறவன். அந்த மருந்து போட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியில நாசமாகிக் கிடக்காங்க. ஆனா ஆள் வசீகரமானவன். பழைய நண்பன் ஹாலி மார்ட்டின்ஸுக்கும் காதலி அன்னாவுக்கும் அவன்னா உயிர். ஹாலியா ஜோசப் காட்டன், அன்னாவா அலிடா வாலி, அவனைத் துரத்துற மேஜர் காலோவேயா ட்ரெவர் ஹோவார்ட். ஹாரி லைமா ஆர்சன் வெல்ஸ். அமெரிக்கப் பங்குதாரரான டேவிட் செல்ஸ்னிக் வேற நடிகரைப் போடச் சொன்னார். வெல்ஸ்தான் வேணும்னு ரீட் நின்னார்.

1948 அக்டோபர்ல படப்பிடிப்பு ஆரம்பம். பகலுக்கு ஒரு யூனிட், ராத்திரிக்கு ஒரு யூனிட், சாக்கடைக்கு ஒரு யூனிட். மூணையும் ரீடே இயக்கினார். எப்போ தூங்கினார்னு கேட்காதீங்க. கண் விழிக்க பென்சிட்ரின் மாத்திரை போட்டுக்கிட்டு ஓட்டினார். இதை டெடிகேஷன்னு ஸ்டேட்டஸ் போடத் தோணும், வேண்டாம். உடம்பைக் கடன் வாங்கிச் செஞ்ச வேலை அது.

சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் கவனிக்க: அந்தச் சாக்கடையும் ஒரு கதாபாத்திரம் மாதிரிதான். 1830-களில் வியன்னாவில காலரா பரவின பிறகு, கழிவுநீர் ஆத்துல கலக்காம இருக்கணும்னு கரையோரமா பெரிய கால்வாய்கள் கட்டினாங்க. அதுக்குப் பேரே காலரா கால்வாய். நூறு வருஷத்துக்கும் மேல பழசான அந்தக் கட்டுமானத்துக்குள்ள இறங்க வெல்ஸ் மறுத்துட்டார். நாத்தமும் குளிரும் அவருக்கு ஒத்துக்கல. அதனால லண்டன் பக்கத்துல ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில செட் போட்டு மீதியை எடுத்தாங்க. வியன்னாவில அவருக்குப் பதிலா டூப். சில இடத்துல அவரோட நிழலா ஓடினது உதவி இயக்குநர் கை ஹாமில்டன். பின்னாடி 'கோல்ட்ஃபிங்கர்' எடுத்த அதே ஆள்தான். சாக்கடை மூடியோட கம்பி இடுக்குல இருந்து வெளிய நீண்டு, பிடிமானம் தேடித் துடிக்கிற அந்த விரல்கள்? அது கரோல் ரீடோட விரல்கள்.

ஒளிப்பதிவு ராபர்ட் கிராஸ்கர். ராத்திரியில கல் பதிச்ச தெருக்கள் மேல தண்ணி அடிச்சு ஈரமாக்கினாங்க, வெளிச்சம் பட்டா மின்னணும்னு. கேமராவை வேணும்னே சாய்ச்சு வச்சாங்க, தலைகீழான ஊர்ல ஹாலிக்கு எதுவுமே நேரா தெரியக் கூடாதுன்னு. படத்தைப் பார்த்த இயக்குநர் வில்லியம் வைலர், இனிமேல் இதைக் கேமரா மேல வச்சு மட்டம் பார்த்துக்கச் சொல்லி ரீடுக்கு ஒரு ரசமட்டத்தைப் பரிசா அனுப்பினாராம்! கலாய்ப்பு அந்தக் காலத்துலயும் உண்டு. கிராஸ்கருக்கு அந்தச் சாய்ஞ்ச ஷாட்களுக்குத்தான் ஆஸ்கர் கிடைச்சது.

இசைக்கு வாங்க. அந்த மாதிரி படத்துக்கு பெரிய ஆர்கெஸ்ட்ரா வைக்கிறதுதான் வழக்கம். ரீட் வியன்னாவில ஒரு விருந்துல அன்டன் கராஸ் என்கிறவர் ஸிதர் வாசிக்கிறதைக் கேட்டார். ஸிதர் என்பது மேசை மேல கிடத்தி மீட்டுற ஒரு கம்பி வாத்தியம். கராஸ் மதுக்கடைகள்ல வாசிச்சுப் பிழைச்சவர், சினிமாவுக்கு இசையமைச்சு பழக்கமே இல்லாதவர். அவரை லண்டனுக்கு வரவழைச்சு, தன் வீட்டுலயே தங்க வச்சு, படம் முழுக்க அந்த ஒரே வாத்தியத்துல இசை வாங்கினார். ஹாரி லைம் தீம் 1950-ல் உலகம் முழுக்க பரவி, கராஸை ஒரே அடியில நட்சத்திரமாக்கிடுச்சு.

இப்போ, நாணல் வளைய மறுத்த இடம்.

ஹாலிதான் கடைசியில நண்பனைக் காட்டிக் கொடுக்கிறான். ஹாரி சாகிறான், ரெண்டாவது தடவை அடக்கம் நடக்குது. பிறகு என்ன? ஹாலியும் அன்னாவும் ஒண்ணு சேர்ந்து போற மாதிரி முடிக்கலாம்னு கிரீன் நினைச்சார். பொழுதுபோக்குப் படம், ஜனங்களை வருத்தத்தோட அனுப்பக் கூடாதுன்னு அவர் வாதம். ரீட் ஒத்துக்கல. காதலன் உடம்பு குழிக்குள்ள போன அஞ்சாவது நிமிஷம், அவனைக் காட்டிக் கொடுத்தவன் கையை அவள் பிடிப்பாளா?

ரீட் எடுத்தது இது: இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவுல நீளமான கல்லறைப் பாதை. ஓரமா ஹாலி காத்து நிக்கிறான். தூரத்துப் புள்ளியா இருந்து அன்னா நடந்து வர்றாள். வந்துக்கிட்டே இருக்கிறாள். ஹாலி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம கடந்து போயிடறாள். அவன் ஒரு சிகரெட் பத்த வைக்கிறான். அவ்வளவுதான். இவ்வளவு நீள நடையைப் பார்க்கப் பொறுமை இல்லாம ஜனங்க எழுந்து போயிடுவாங்கன்னு கிரீன் பயந்தார். பிறகு, ரீட் சொன்னதுதான் சரின்னு அவரே எழுதி ஒத்துக்கிட்டார்.

இந்தப் படத்துக்குப் பிறகு ரீட் வாழ்க்கை இறக்கம்தான். 1952-ல் சர் பட்டம் கிடைச்சது. 'அவுட்காஸ்ட் ஆஃப் தி ஐலண்ட்ஸ்' படத்துக்காக இலங்கை வரைக்கும் போனார். சர்க்கஸ் கதையான 'ட்ரபீஸ்' நல்லா ஓடுச்சு. 'மியூட்டினி ஆன் தி பவுண்ட்டி'யில சண்டை முத்தி பாதியில விலக வேண்டி வந்தது. சினிமா விமர்சனமும் மாறிடுச்சு. ஒவ்வொரு படத்துலயும் தன் கையெழுத்தை விட்டுப் போறவன்தான் பெரிய இயக்குநர் என்ற கொள்கை வந்தது. அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் 1968-ல் இயக்குநர்களைத் தரம் பிரிச்சு ஒரு புத்தகம் போட்டார். அதுல ரீடுக்குக் கிடைச்ச இடம், வெளியே தெரியுற அளவுக்கு உள்ளே சரக்கு இல்லாதவங்க வரிசை. அதே 1968-ல் வந்த 'ஆலிவர்!' படத்துக்கு அடுத்த வருஷம் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் போட்டியில தோத்தவங்கள்ல '2001' எடுத்த ஸ்டான்லி குப்ரிக்கும் ஒருத்தர். அதையும் பல பேர் அவருக்கு எதிராவே திருப்பினாங்க.

அவரோட நல்லது எல்லாம் மத்தவங்க கணக்குல போச்சு. கதை கிரீனோடது, வெளிச்சம் கிராஸ்கரோடது, இசை கராஸோடது. மிச்சம் எல்லாம் வெல்ஸ் இயக்கினதாம். அதை வெல்ஸே மறுத்தார். குக்கூ கடிகாரம் பத்தின அந்தப் பிரபலமான வசனத்தை எழுதினது மட்டும் அவர்தான்.

ரீடுக்குக் கையெழுத்தே இல்லையா? இது என் கணிப்பு மட்டும். 'தி ஃபாலன் ஐடல்'ல ஒரு சின்னப் பையன், தான் தெய்வமா நினைக்கிற பட்லருக்கு இன்னொரு ரகசிய வாழ்க்கை இருக்குன்னு கண்டுபிடிக்கிறான். 'தி தேர்ட் மேன்'ல ஒருத்தன், தான் கொண்டாடின நண்பனோட இன்னொரு முகத்தைப் பார்க்கிறான். ரெண்டு படத்துலயும் வசீகரமான ஒரு ஆண், ரெண்டு வாழ்க்கை, அவனை நேசிச்சுட்டு மாட்டிக்கிட்டவங்க. இப்போ புட்னி வீட்டை நினைச்சுப் பாருங்க. ஊரே கைதட்டின அப்பா, இன்னொரு வீட்டுல இன்னொரு குடும்பம், அவர் பேரைப் போட்டுக்க முடியாத பிள்ளைகள். உண்மை தெரிஞ்ச பிறகும் அன்னாவால ஹாரியை நேசிக்காம இருக்க முடியல என்பதை, கதை எழுதின கிரீனை விட ரீடுக்கு நல்லா தெரிஞ்சிருந்தது. அதனாலதான் அந்த ஒரு இடத்துல வளையல.

1976 ஏப்ரல் 25-ல் லண்டன் செல்சியில தன் வீட்டுல மாரடைப்பால இறந்தார். வயசு 69. வியன்னாவில பர்க் கினோ என்ற தியேட்டர்ல இன்னைக்கும் அவர் படத்தைத் தொடர்ந்து போட்டுக்கிட்டிருக்காங்க. சாக்கடைக்குள்ள கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுறதுக்கு டிக்கெட் விக்கிறாங்க.

செமஸ்டர் முடிஞ்சதும் ஒரு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன் போட்டுப் பாருங்க. 104 நிமிஷம்தான். கடைசியில அன்னா தூரத்துல இருந்து நடந்து வரும்போது ஃபார்வர்டு பட்டன் பக்கம் கை போகும். போக விடாதீங்க. அவள் கடந்து போகட்டும்.