பெர்டினண்ட் போர்ஷே
பெர்டினண்ட் போர்ஷே (செப்டம்பர் 3, 1875 - சனவரி 30, 1951) பொகீமியாவில் பிறந்த தானுந்துப் பொறியாளர் ஆவார். 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட இவரது லோனர் மின்தானுந்தில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி மின்னோடி இருந்தமையால் டிபரன்ஷியலே தேவைப்படவில்லை.

ஆட்டோ யூனியனுக்காக இவர் வடிவமைத்த, பின்சக்கரங்களால் இயங்கும் 16 சிலிண்டர் பந்தயத் தானுந்திலோ அதுவே பெருஞ்சிக்கலாயிற்று. வளைவில் பளு குறைந்த உட்புறச் சக்கரம் வீணாகச் சுழலும்போது, சாதாரண டிபரன்ஷியல் மற்றச் சக்கரத்துக்கும் அதே குறைந்த விசையையே அளிக்கும். மணிக்கு 160 கிமீ வேகம் வரை சக்கரம் வழுக்கியது. எனவே 1935 இல் இசட்எஃப் நிறுவனத்தைக் கொண்டு வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியலை உருவாக்கச் செய்தார். ஆற்றல் கூட்டப்பட்ட முன்சக்கர இயக்கத் தானுந்துகளில் இத்தகைய டிபரன்ஷியல் பொருத்தப்படுவதும் இதே காரணத்தாலேயே.

1937 இல் நாசிக் கட்சியில் சேர்ந்த இவர், ஹிட்லரின் ஆட்சிக்காக வோக்ஸ்வாகனையும் போர்த் தாங்கிகளையும் வடிவமைத்தார். போருக்குப் பின் பிரான்சில் விசாரணையின்றி ஏறத்தாழ 20 மாதங்கள் சிறையிலிருந்து, 1947 இல் விடுதலையானார்.