எச்சத்தைத் தேடிய மேரி கியூரி

கணக்கில் ஒட்டாமல் எஞ்சும் சிறு தொகையைப் புறக்கணிக்கக் கூடாது என்று பொருளியல் வகுப்புகளில் பல்லாண்டு கூறிவந்தேன். அதற்கு நான் காட்ட விரும்பும் சான்று பொருளியலில் இல்லை. மேரி கியூரியின் வாழ்வில் இருக்கிறது.

1867-இல் வார்சாவில் பிறந்த மேரி, பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கல்வி மறுக்கப்பட்டதால் 1891-இல் பாரீசு சென்று பயின்றார். யுரேனியம் கதிர் வீசுவதை 1896-இல் பெக்கரல் கண்டறிந்தார். அக்கதிர்கள் காற்றில் உண்டாக்கும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கணவர் பியரியும் அவருடைய சகோதரர் ழாக்கும் வடிவமைத்த கருவியின் துணையுடன் மேரி அளந்தார்.

பிட்ச்பிளெண்ட் என்னும் தாது, தன்னிலுள்ள யுரேனியத்துக்கு உரியதைவிட மிகுதியாகக் கதிர் வீசியது. சால்கோலைட் என்னும் கனிமமும் அவ்வாறே. அதைத் தூய வேதிப்பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் அவரே உருவாக்கி அளந்தபோது, அந்த மிகை காணப்படவில்லை. ஆகவே, இயற்கைத் தாதுவில் பகுப்பாய்வுக்குச் சிக்காத ஏதோவொன்று சுவடாகக் கலந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1898-இல் பொலோனியமும் ரேடியமும் அறிவிக்கப்பட்டன. டன் கணக்கான தாதுக் கழிவைக் கொட்டகையில் காய்ச்சி, 1902-இல் சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கக்கூடிய அம்முறைக்குத் தம்பதியர் காப்புரிமை கோரவில்லை.

ஆனால், தேடிய பொருளே ஆய்வகத்தின் மாசாகவும் ஆயிற்று. தூசியும் காற்றும் உடையும் கதிரியக்கம் பெற்றதால் நுண்ணளவீடு கடினமாயிற்று. 1934-இல் அவர் உயிரைப் பறித்த இரத்தச் சோகைக்கு நீண்டகாலக் கதிர்வீச்சே காரணம் எனக் கருதப்படுகிறது. அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிர் வீசுகின்றன.

இன்று இத்தாலியின் கிரான் சாசோ மலையடியில் கரும்பொருளைத் தேடும் ஆய்வாளர்கள், கருவிக்கான எஃகு முதலிய பொருள்களை ஜெர்மானியம் உணரிகளில் பல நாள்கள் வைத்துச் சோதிக்கின்றனர். அவற்றில் சுவடாக ஒளிந்துள்ள ரேடியம் ரேடான் வாயுவை வெளியிட்டு, அரிய சமிக்ஞையை மறைத்துவிடும். மேரிக்குப் புதையலாக இருந்தது இவர்களுக்குப் பகையாகியிருக்கிறது. தேடும் பொறுமையோ அதேதான்.

பெருங்கருவிகளுக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள், அவற்றின் மூலப்பொருள்களைச் சோதிக்கும் சிறு ஆய்வகங்களையும் பேண வேண்டும். அங்கே செய்யப்படும் சிக்கனம், பெருஞ்செலவு முழுவதையும் வீணாக்கிவிடக்கூடும்.